மூன்று நாள் வைரம்

போன் அடித்தது.

கல்யாண வீட்டில் போன் அடிப்பது அதிசயமில்லை. பந்தல்காரர், சமையல்காரர், வாழைமரக்காரர் என்று காலையிலிருந்து ஓயவில்லை. ஐயாவுவின் போன் பத்திரிகைக் கட்டுக்கு மேல் கிடந்து துடித்தது. மேகலா எடுத்தாள்.

"ஐயாவு இருக்காரா?"

"அப்பா களத்துல நெல்லு காய வைக்கிறாங்க. நான் பொண்ணு பேசுறேன். யாருங்க?"

"கல்யாணப் பொண்ணா... தஞ்சாவூர் துரைராசும்மா. வைரக் கடை."

"சொல்லுங்க."

"ராசி பாக்குறோம்னு மூணு நாள் வாங்கிட்டுப் போய்த் திருப்பிக் குடுத்தீங்களே, ஏழு கல்லுத் தோடு... அதுல இருக்கிறது நான் குடுத்த கல்லு இல்ல."

மேகலாவுக்கு அந்த வார்த்தை காதில் ஏறியது. மண்டையில் ஏறவில்லை.

"என்ன சொல்றீங்க?"

"தங்கக் கட்டு என்னுது. கல்லு என்னுது இல்ல. ரெண்டு தோட்டுலயும் சேத்து பதினாலு கல்லு. பதினாலையும் பேத்து எடுத்துட்டுப் போலி வெச்சிருக்கீங்க. நாலு மணிக்குள்ள அசல் கல்லு வரணும். இல்ல, ஏழு லட்சம் வரணும். ரெண்டும் வரலேன்னா உங்க வீட்டு வாசலுக்கு ஜீப்பு வரும்."

"சார்... வெள்ளிக்கிழமை எனக்குக் கல்யாணம்..."

"அதனாலதாம்மா இன்னும் போன்ல பேசிக்கிட்டு இருக்கேன்."

மேகலா செருப்புப் போடாமலே கொல்லைப்பக்கம் ஓடினாள்.

களத்தில் தார்ப்பாய் விரித்து நெல் பரப்பியிருந்தது. ஐயாவு முழங்காலுக்கு மேல் வேட்டியை ஏற்றிக் கட்டிக்கொண்டு காலாலேயே நெல்லைக் கிண்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

அறுபத்தேழு வயது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். திருவிடைமருதூர் சுற்றுவட்டாரத்தில் நாற்பது வருஷமாக நெல் வாங்கி விற்கிறவர். எவனையும் நம்பாதவர். ஈரப்பதம் பார்க்கிற மிஷினை நம்ப மாட்டார். ஒரு நெல்லைப் பல்லில் கடித்துப் பார்த்து, "பதினேழு" என்பார். மிஷினும் பதினேழு என்று காட்டினால், "மிஷின் பரவால்ல" என்பார். ஒரு லாரி நெல்லை ஒரே எடைமேடையில் நிறுத்தி அனுப்பியதில்லை. ஆடுதுறையில் நிறுத்ததைக் கும்பகோணத்தில் இன்னொரு தடவை ஏற்றுவார்.

"ரெண்டாவது மேடையில ஏறாத சரக்கு, சரக்கே இல்ல."

அதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே வேதம்.

மகள் மூச்சு வாங்கச் சொன்னதை முழுசாகக் கேட்டார். போனை வாங்கிக் காதில் வைத்தார்.

"துரைராசா? ஐயாவு பேசுறேன். போலீசுக்குப் போறதுன்னா போங்க. சும்மா வாயால சொல்லாதீங்க. எழுதிக் குடுங்க."

அவ்வளவுதான். வைத்துவிட்டார். மறுபடியும் நெல்லைக் கிண்ட ஆரம்பித்தார்.

"அப்பா, போலீசுக்குப் போகச் சொல்றீங்களா?"

"ஆமா."

"கல்யாணம் நின்னுரும்பா."

"நிக்காது. நீ போய்ச் செருப்பப் போட்டுக்க. கால் கொப்பளிக்கும்."

மேகலா நகரவில்லை. அவளுக்கு வெயில் உறைக்கவில்லை. வேறொன்று உறைத்துக்கொண்டிருந்தது.

இரண்டு வாரமாகவே அது உள்ளே இருந்தது.

* * *

வைரம் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. சிலரைத் தூக்கிவிடும். சிலரை நடுத்தெருவில் நிறுத்தும். அதனால் வாங்குவதற்கு முன்னால் மூன்று நாள் வீட்டில் வைத்துப் பார்ப்பார்கள். நல்லது நடந்தால் காசு கொடுப்பார்கள். கெட்டது நடந்தால் திருப்பிக் கொடுப்பார்கள். பழகிய கடைக்காரர்கள் இதற்குச் சம்மதிப்பார்கள்.

திருடுகிறவனுக்கு இதைவிட வசதியான சம்பிரதாயம் இருக்க முடியாது. அவன் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறான் என்பதுதான் கேள்வி.

துரைராசுவின் கடையைச் சொன்னதே சம்பந்தியம்மாள் கமலாம்பாள்தான். மாப்பிள்ளை ராம்கி சிங்கப்பூரில் இருந்தான். அவனுக்கு எதுவும் வேண்டாம். அவன் அம்மாவுக்குத்தான் மருமகள் காதில் ஏழு கல் தோடு மின்ன வேண்டும்.

"எங்க வம்சத்துல வைரத்தோடு இல்லாம மணையில உக்காந்த பொண்ணே கெடையாது. துரைராசுகிட்டப் போங்க. என் காதுல கெடக்குறதும் அவங்க கடைதான். நம்பிக்கையான மனுஷன்."

நம்பிக்கையான மனுஷன் என்ற வார்த்தையைக் கேட்டவுடனேயே ஐயாவுவின் முகம் கடுக்காய் கடித்த மாதிரி ஆனது.

கடையில் துரைராசு வரவேற்று, குளிர்பானம் கொடுத்து, தோட்டை எடுத்து வைத்தார். பேனா மாதிரி ஒரு கருவியால் கல்லைத் தொட்டார். 'பீப்' என்றது.

"வைரம்னாத்தான் கத்தும். கண்ணாடிக் கல்லுன்னா வாயத் தொறக்காது."

"சரி. மூணு நாள் வெச்சிருக்கேன்," என்றார் ஐயாவு. "ஆனா நெல்லுக்குச் சாம்பிள் கட்டுற மாதிரி கட்டிக் குடுங்க."

"அது எப்படிங்க?"

"துணிப்பையில போட்டு, நூல் சுத்தி, முடிச்சு மேல அரக்கு. அரக்கு மேல உங்க கடை முத்திரை. உள்ள இருக்கிறது என்னன்னு ஒரு சீட்டு, அதுல உங்க கையெழுத்து. நாங்க நூறு மூட்டை வாங்குனா அரைப்படி நெல்ல இப்படித்தான் கட்டி வைப்போம். நாளைக்கி நீ மாத்துன, நான் மாத்துனன்னு பேச்சு வரப்படாதுல்ல?"

துரைராசு சிரித்தார். கட்டிக் கொடுத்தார். தாமரை முத்திரை. சீட்டு நம்பர் நூற்று நாற்பத்திரண்டு.

அன்றைக்கு மேகலாவும் அம்மா நீலாம்பாளும் ரவிக்கை தைக்கக் கொடுக்கச் சாயங்காலம் வரை தஞ்சாவூரிலேயே இருந்தார்கள். ஐயாவு மட்டும் பையை மடியில் கட்டிக்கொண்டு பகல் பஸ்ஸில் கிளம்பினார். இரண்டு மணி நேரத்துப் பயணம். ஆனால் பொழுது சாய்ந்து இவர்கள் வீட்டுக்கு வந்தபோதுதான் அவரும் பஸ்ஸை விட்டு இறங்கினார்.

"எங்கங்க போனீங்க?" என்று கேட்டாள் நீலாம்பாள்.

"ஒரு வேலை."

மறுநாள் மேகலா மஞ்சள் கிழங்கு எடுக்க அப்பாவிடம் சாவி வாங்கிப் பீரோவைத் திறந்தாள். தோட்டுப் பெட்டி இருந்தது. துணிப்பை இல்லை. அரக்கு இல்லை. சீட்டு இல்லை.

கட்டைப் பிரித்தது யார்?

அவளுக்கு ஆசையும் பயமும் ஒன்றாக வந்தன. தோட்டை எடுத்துக் கல்லின் மேல் 'ஹா' என்று ஊதினாள். போலிக் கல் என்றால் மூச்சுப் பனி படிந்து சில விநாடி நிற்கும், வைரம் என்றால் உடனே மறையும் என்று போனில் வீடியோ பார்த்திருந்தாள்.

படிந்தது. உடனே மறைந்தது. பதினாலு கல்லும் அப்படியே.

அசல்தான் என்று நிம்மதியாக மூடி வைத்தாள்.

மூன்றாம் நாள் அறுவடை மிஷின் வயலில் சேற்றில் மாட்டிக்கொண்டது. இந்த ஊரில் வருஷம் தவறாமல் மாட்டுகிற மிஷின். ஐயாவு வீட்டுக்கு வந்து, "தோடு ராசியில்ல. திருப்பிக் குடுத்துருவோம்," என்றார்.

ராகு காலத்தில் லாரி கிளப்புகிற மனுஷன். பூனை குறுக்கே வந்தால் பூனைக்குத்தான் சகுனம் சரியில்லை என்கிற மனுஷன். அவர் ராசி பார்த்தார்.

திருப்பிக் கொடுக்க மேகலாவும் கூடப் போனாள். துரைராசு பெட்டியைத் திறந்தார்.

"கட்டு எங்க?"

"பொண்ணு ஆசப்பட்டுப் பிரிச்சுட்டா," என்றார் ஐயாவு.

பச்சைப் பொய். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் சொன்னார். மேகலா வாயைத் திறக்கவில்லை. துரைராசு பேனாவால் தொட்டார். பீப் என்றது. வாங்கி வைத்துக்கொண்டார்.

இப்போது பதினாலும் போலி என்கிறார்.

இரண்டாம் நாள் ஊதியபோது அசல். திருப்பிக் கொடுத்தபோது போலி. நடுவில் பீரோ சாவி யாரிடம் இருந்தது?

அப்பாவின் இடுப்பில்.

* * *

மதியச் சாப்பாட்டுக்கு ஐயாவு கை கழுவப் போனபோது போன் மறுபடி அடித்து நின்றது.

'அஃப்ரீன்' என்று பெயர் காட்டியது. இந்தப் பெயரில் இவர்களுக்குச் சொந்தமும் இல்லை, பழக்கமும் இல்லை. மேகலா திருப்பி அடித்தாள்.

"ஐயா, மிஸ்டு கால் பாத்தேன். அந்தக் கல்லு விஷயம்தானே?" ஒரு பெண் குரல். "கவலப்படாதீங்க. பை பத்திரமா என்கிட்டதான் இருக்கு. நான் இன்னும் யார்கிட்டயும்..."

"நீங்க யாரு?"

அந்தப் பக்கம் இணைப்பைத் துண்டித்துவிட்டாள்.

மேகலா போனை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

கை துடைத்துக்கொண்டு வந்தார் ஐயாவு.

"அப்பா... அஃப்ரீன் யாரு?"

"யாரா இருந்தா உனக்கு என்ன? சாப்டியா?"

"அப்பா, என்கிட்ட மட்டும் உண்மையச் சொல்லுங்க. கல்யாணச் செலவுக்கு ஏதாவது..."

ஐயாவு இலை முன்னால் உட்கார்ந்தார். தண்ணீர் தெளித்துக்கொண்டார். மகளை நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன கேக்க வர்ற?"

அவளால் கேட்க முடியவில்லை. அப்பாவைப் பார்த்து 'நீ திருடினாயா' என்று கேட்கிற வார்த்தை தமிழில் இருக்கிறது. நாக்கில்தான் இல்லை.

"ஒண்ணுமில்லப்பா."

"கேக்காட்டிச் சோத்தப் போடு."

* * *

நாலு மணி வரைக்கும் துரைராசுவுக்குப் பொறுமை இல்லை. மூன்று மணிக்கே ஜீப் வந்தது. பின்னால் ஒரு வெள்ளைக் கார்.

ஜீப்பிலிருந்து சப் இன்ஸ்பெக்டர் ஜெயபாரதி இறங்கினார். காரின் முன்கதவைத் திறந்துகொண்டு துரைராசு இறங்கினார்.

பின்கதவைத் திறந்துகொண்டு இறங்கியது...

கமலாம்பாள்.

நீலாம்பாள் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்க சம்பந்தி... தண்ணி குடிக்கிறீங்களா..."

"தண்ணியும் வேணாம், ஒண்ணும் வேணாம். துரைராசு சொன்னாரு. என் காதால கேக்கணும்னு வந்தேன்." கமலாம்பாளின் காதில் ஏழு கல் தோடு வெயிலை வாங்கி வீசியது. "நாளைக்கு என் புள்ள பிளேன்ல வந்து எறங்குறான். எறங்குனவன்கிட்ட உன் மாமனாரு ஸ்டேஷன்ல இருக்காருன்னு சொல்லவா?"

துரைராசு அவள் பக்கத்தில் சாந்தமாக நின்றார். ஒரு கல்யாண வீட்டின் குரல்வளையைப் பிடிக்க எந்த இடம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஜெயபாரதி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பெரியவரே, விஷயம் தெரியுமில்ல?"

"தெரியும்."

"கடைக்காரர் என்ன சொல்றாருன்னா, இவருக்குக் கல்லு குடுத்தது ஒரு திருச்சி வியாபாரி. நேத்து அவர் சரக்கு பாக்க வந்திருக்கார். கண்ணாடி வெச்சுப் பாத்துட்டு இது வைரம் இல்ல, மாய்ஸனைட்டுங்கிற போலிக் கல்லுன்னு சொல்லிட்டார். தோடு கடைய விட்டு வெளிய போனது உங்க வீட்டுக்கு மட்டும்தான். மூணு நாள்."

துரைராசு ஒரு துணிப்பையை எடுத்துக் கொடுத்தார். நூல், அரக்கு, தாமரை முத்திரை.

"திரும்பி வந்த தோடு இதுக்குள்ள இருக்கு மேடம். காலையில நானே சீல் வெச்சுக் கொண்டாந்தேன். பேனா கருவிக்கு மாய்ஸனைட்டும் வைரமும் ஒண்ணுதான். சூட்ட வேகமாக் கடத்துற கல்லுன்னா அது கத்தும். அத நம்பித்தான் அன்னிக்குத் திருப்பி வாங்கிட்டேன்."

மேகலாவுக்கு எங்கேயோ ஒரு நரம்பு சுண்டியது. சூட்டை வேகமாகக் கடத்துகிற கல்...

ஆனால் யோசிக்க நேரமில்லை. ஜெயபாரதி பேசிக்கொண்டிருந்தார்.

"கல்யாண வீடு. இவரும் கேசு வேணாங்கிறாரு. பேசித் தீத்துக்குறீங்களா?"

"புகார எழுதிக் குடுத்துட்டாரா?" என்றார் ஐயாவு.

"இன்னும் இல்ல."

"எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. எழுதாம நான் வாயத் தொறக்க மாட்டேன்."

"பெரியவரே, நான் உங்களுக்கு நல்லது சொல்றேன்."

"நல்லதுதாம்மா. வாயால சொன்னது காத்தோட போயிரும். எழுதச் சொல்லுங்க."

"என்னங்க, உங்களுக்குப் பைத்தியம் கியித்தியம் பிடிச்சிருச்சா?" நீலாம்பாள் அழ ஆரம்பித்தாள்.

"பாத்தீங்களா மேடம்?" துரைராசு கையை விரித்தார். "நான் எறங்கி வர்றேன். இவரு ஏறிக்கிட்டே போறாரு."

அவர் எழுதவில்லை. பேனாவைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கக்கூட இல்லை. அதை ஐயாவு பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இதுல பேசறதுக்கு ஒண்ணுமில்ல." கமலாம்பாள் முந்தானையை உதறினாள். "நிச்சயத் தாம்பூலத்தத் திருப்பிக் குடுங்க. நான் கெளம்புறேன்."

மேகலாவுக்கு அந்த விநாடியில் எல்லாம் ஒன்றாகத் தெரிந்தது. அம்மாவின் அழுகை. வாசலில் கூடிவிட்ட நாலு தெரு ஜனம். கல்யாணம் போனது போனதுதான். ஆனால் அறுபத்தேழு வயதில் அப்பா ஜீப்பில் ஏறக் கூடாது.

அவள் முன்னால் வந்தாள்.

"மேடம்... அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது. கட்டப் பிரிச்சது நான். கல்ல மாத்துனதும் நான்தான்."

வாசல் கூட்டம் படிவரை நெருங்கியது.

ஐயாவு மகளைப் பார்த்தார். அந்த மனுஷன் முகத்தில் எதுவுமே தெரியாது என்று ஊரே சொல்லும். இப்போது தெரிந்தது. தாடை ஒரு தடவை ஆடி நின்றது.

"வாய மூடு மேகலா."

"இல்லப்பா..."

"மூடுன்னேன்."

துரைராசுவின் கண் பளிச்சென்றது. அதுவரை மேகலா பார்க்காத பளபளப்பு. திருடி தானாகவே அகப்பட்டுவிட்டாள். இனி எழுதினால் என்ன குறைச்சல்?

"பேப்பர் குடுங்க மேடம். இவ்வளவு ஆனப்புறம் நான் சும்மா இருந்தா, நாளைக்குத் திருச்சிக்காரர் என்னைய நம்ப மாட்டாரு."

எழுதினார். வேக வேகமாக எழுதினார். ஜெயபாரதி வாங்கிச் சத்தமாகப் படித்தார்.

"'...அசல் வைரம் பதினான்கு கல் பதித்த தோடுகளை என் கையாலேயே துணிப்பையில் கட்டி, அரக்கு வைத்து, என் கடை முத்திரை இட்டு, சீட்டில் கையெழுத்தும் போட்டு, மேற்படி ஐயாவு வசம் ஒப்படைத்தேன். அந்தக் கட்டைப் பிரித்த பிறகே கற்கள் மாற்றப்பட்டிருக்கின்றன...'"

"சீட்டு நம்பர் போடலையே," என்றார் ஐயாவு.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நூத்தி நாப்பத்திரெண்டு. அதையும் எழுதுங்க. பின்னாடி வேற கட்டு, வேற சீட்டுன்னு பேச்சு வரப்படாது."

துரைராசு ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுதினார்.

"கையெழுத்து?"

"போட்டாச்சு."

"தேதி?"

"போட்டாச்சுய்யா. தூக்குக் கயித்த நீயே திரிச்சுக் குடுக்குற மாதிரியில்ல இருக்கு."

"ஆமா. கழுத்து யாரு கழுத்துன்னு பாப்போம்." ஐயாவு வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "அம்மா அஃப்ரீன்! உள்ள வா."

வாசல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முப்பது வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். தலையில் முக்காடு, ஒரு தோளில் லேப்டாப் பை, ஒரு கையில் ஸ்கூட்டி சாவி.

"கும்பகோணத்துல கல்லு சோதனை பண்ற சென்டர் வெச்சிருக்கேன் மேடம்," என்று ஜெயபாரதியிடம் அட்டையைக் கொடுத்தாள். "ஐயா அன்னிக்கு மத்தியானம் பஸ்ஸ விட்டு எறங்கி நேரா என்கிட்டதான் வந்தாங்க. இன்னிக்கு மதியம் போன் பண்ணி, வாசல்ல வந்து நிக்கச் சொன்னாங்க."

"ரெண்டாவது எடைமேடை," என்றார் ஐயாவு.

மேகலா வாயைப் பொத்திக்கொண்டாள்.

லேப்டாப் திறந்தது. வீடியோ ஓடியது. மூலையில் தேதி, நேரம். மேசை மேல் ஒரு துணிப்பை. அஃப்ரீனின் கைகள் பையை நாலு பக்கமும் திருப்பிக் காட்டின. நூல் அறுபடவில்லை. அரக்கு உடையவில்லை. தாமரை முத்திரை. சீட்டு நூற்று நாற்பத்திரண்டு. துரைராசுவின் கையெழுத்து.

"எந்தக் கட்டா இருந்தாலும் கேமரா முன்னாடிதான் பிரிப்போம் மேடம். இல்லேன்னா எங்க மேலயே பழி போட்டுருவாங்க."

கத்தரி நூலை வெட்டியது. தோடு வெளியே வந்தது. கருவி தொட்டது. பீப்.

"பாத்தீங்களா? கத்துது!" என்றார் துரைராசு.

"கத்தும் சார். மாய்ஸனைட்டுக்கும் கத்தும்னு நீங்களே சொன்னீங்க, வாசல்ல நின்னு கேட்டேன்," என்றாள் அஃப்ரீன். "ஊதிப் பாத்தாலும் இதே கதைதான். சூட்டக் கடத்துற கல்லுல மூச்சுப் பனி நிக்காது. கண்ணாடியையும் ஜிர்கான் கல்லையும் வேணா ஊதிக் கண்டுபிடிக்கலாம். இத முடியாது."

மேகலாவின் நெஞ்சில் இரண்டு வாரத்துக் கல் ஒன்று இடம் பெயர்ந்தது. இரண்டாம் நாள் அவள் ஊதியதும் போலியைத்தான்.

திரையில் கல் பெரிதாகியது. அஃப்ரீன் விரலால் காட்டினாள்.

"பட்டை தீட்டுன கோடு தெரியுதா? கல்லச் சாய்க்கிறேன்... பின்பக்கக் கோடு பாருங்க. ஒவ்வொண்ணும் ரெண்டு ரெண்டாத் தெரியுது. வைரத்துல ஒரு கோடு ஒரு கோடாத்தான் தெரியும். பதினாலு கல்லும் இப்படித்தான். கட்டப் பிரிச்ச அஞ்சாவது நிமிஷத்துல எடுத்தது."

ஜெயபாரதி எழுந்து நின்றார்.

"அந்தப் பை எங்க?"

அஃப்ரீன் ஒரு பிளாஸ்டிக் உறையை நீட்டினாள். உள்ளே வெட்டின நூல், துணிப்பை, அரக்கு, சீட்டு. ஜெயபாரதி அதைத் துரைராசு காலையில் கட்டிக் கொண்டுவந்த பையின் பக்கத்தில் வைத்தார். இரண்டு தாமரை. இரண்டிலும் இடது கோடியில் ஓர் இதழ் பாதி உடைந்திருந்தது. ஒரே முத்திரை.

"இது... இது செட்டப்பு மேடம். அரக்க யாரு வேணா..."

"உங்க கையாலேயே கட்டுனேன்னு எழுதியிருக்கீங்க. உங்க முத்திரைன்னு எழுதியிருக்கீங்க. நம்பரும் எழுதியிருக்கீங்க." ஜெயபாரதி புகாரை மடித்துப் பைக்குள் வைத்தார். "கட்டுக்குள்ளயே போலி இருந்தா, மாத்துனது யாரு? அசல் கல்லு எங்க சார்?"

துரைராசு கமலாம்பாளைப் பார்த்தார். கமலாம்பாள் கூரையைப் பார்த்தாள்.

"திருச்சிக்காரர் கல்லு... ஒரு அவசரத்துக்கு வெளிய அடகு வெச்சிருந்தேன். திருப்பிரலாம்னு..."

"அதுக்குள்ள அவர் வந்து கேட்டுட்டார். உடனே ஒரு கல்யாண வீடு ஞாபகம் வந்துச்சு. ஏறுங்க ஜீப்புல."

ஏறினார். வாசலில் கூடியிருந்த ஜனம் ஏமாறவில்லை. ஜீப்பில் யாராவது ஏற வேண்டும் என்றுதானே அது காத்திருந்தது.

ஜெயபாரதி படியில் நின்று திரும்பினார்.

"பெரியவரே, அன்னிக்கே என்கிட்ட வந்திருக்கலாமே?"

"வந்திருந்தா வழியில நான் கட்ட மாத்திட்டேன்னு சொல்லியிருப்பான். அது அவன் கட்டுதான்னு அவனே எழுதிக் குடுத்தாத்தான் எனக்கு உசுரு. அதுவுமில்லாம, கல்யாணம் முடிஞ்சு பாத்துக்கலாம்னு இருந்தேன். அவனுக்கு அவசரம்."

"எங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" மூக்கைச் சிந்தினாள் நீலாம்பாள்.

"உன்கிட்டச் சொன்னா சம்பந்தியம்மாவுக்குப் போயிரும். சம்பந்தியம்மாவுக்குப் போனா துரைராசுக்குப் போயிரும். எனக்கு எந்த டவரு எங்க சிக்னல் குடுக்கும்னு தெரியும்."

மேகலா அப்பாவின் பக்கத்தில் போய் நின்றாள். தலையை நிமிர்த்த முடியவில்லை.

"அப்பா... நான் உங்களைச் சந்தேகப்பட்டேன். பீரோவுல தோட்ட ஊதிப் பாத்து அசல்னு நெனச்சுட்டேன்."

"தெரியும்."

"கோவமா?"

"எதுக்குக் கோவம்? சந்தேகப்பட்டது சரி. வீட்டு ஆளையும் ஒரு தடவ எடை போடணும். ஊதிப் பாத்துட்டு நம்புன பாரு, அதுதான் தப்பு." கொஞ்சம் நிறுத்தினார். "திருடுனது நான்னு நெனச்சும் பழியத் தூக்கி உன் தலையில போட்டுக்கிட்ட. அது அதவிடப் பெரிய தப்பு. அந்தத் தப்ப மறுபடி பண்ணாத."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

கமலாம்பாள் தொண்டையைச் செருமினாள். நிச்சயத் தாம்பூலம் பற்றின பேச்சு அவள் வாயிலிருந்துதான் வந்ததா என்று சந்தேகப்படும்படி இருந்தது முகம்.

"நான் அப்பவே நெனச்சேன், நம்ம சம்பந்தி அப்படிப்பட்டவர் இல்லேன்னு. நீலாம்பா, அந்தத் தண்ணிய இப்பக் குடு. மத்தபடி கல்யாண வேலையெல்லாம் எப்படிப் போவுது?"

"நல்லாப் போவுது," என்றார் ஐயாவு. "சம்பந்தியம்மா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"உங்க காதுல கெடக்கிற தோடு எந்தக் கடைன்னு சொன்னீங்க?"

தண்ணீர்ச் செம்பு பாதி வழியில் நின்றது.

கமலாம்பாளின் இரண்டு கையும் தானாகக் காதுக்குப் போயின. அஃப்ரீன் ஏற்கெனவே பையிலிருந்து சின்னப் பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

திருகு கழன்றது. வலது தோட்டைச் சாய்த்துப் பார்த்தாள். ஏழு கல்லையும் பார்த்தாள்.

"ஒரு கோடு. ஒரு கோடு... எல்லாம் அசல் வைரம் அம்மா. நல்ல கல்லு."

கமலாம்பாளுக்கு உயிர் திரும்பி வந்தது. "நான் சொல்லல? எங்க வம்சம்..."

அஃப்ரீன் இடது தோட்டை எடுத்தாள். சாய்த்தாள். இன்னொரு தடவை சாய்த்தாள். கண்ணாடியைக் கீழே வைத்தாள்.

"இத எப்பவாவது தனியா ரிப்பேருக்குக் குடுத்தீங்களா?"

"போன வருஷம்... திருகு லூசா இருக்குன்னு... துரைராசுகிட்ட... ஒரே ஒரு வாரம்..."

"ஏழு கல்லும் ரெண்டு ரெண்டாத் தெரியுது அம்மா."

செம்பு கை நழுவிக் கீழே உருண்டது. கூடத்தில் யாரும் சிரிக்கத் துணியவில்லை. வாசலில் ஜீப் இன்னும் கிளம்பவில்லை என்பதை ஜெயபாரதி மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு, இன்னொரு வெள்ளைத் தாளை எடுத்தார்.

ஐயாவு செம்பைக் குனிந்து எடுத்தார். சம்பந்தியம்மாள் கையில் மரியாதையாகக் கொடுத்தார்.

"மனசு வருத்தப்படாதீங்க சம்பந்தி. நாப்பது வருஷமா வியாபாரம் பண்றேன். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சொல்றதுல பாதி அசலா இருந்தாலே பெரிய விஷயம்."